முழங்கால் ஜவ்வு கிழிந்தால்: முதல் நாளிலிருந்து மைதானம் திரும்பும் வரை

ஓடிக்கொண்டிருக்கும்போது சட்டென்று நின்று திரும்பினீர்கள், அல்லது குதித்துத் தரையிறங்கினீர்கள். யாரும் வந்து மோதவில்லை. முழங்காலுக்குள் 'டப்' என்று ஏதோ விட்டுப்போனது. இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் முட்டி நன்றாக வீங்கிவிட்டது. இதெல்லாம் சேர்ந்து வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது முன் சிலுவை ஜவ்வை. டாக்டர்கள் ஏசிஎல் என்று சொல்லும் லிகமென்ட், அதாவது எலும்பை எலும்போடு பிணைக்கும் நார், இதுதான்.

குழப்பம் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. ஒருவர் உடனே ஆபரேஷன் என்பார். இன்னொருவர் கட்டுப் போட்டுப் படுத்திருந்தால் போதும் என்பார். ஸ்கேன் ரிப்போர்ட்டில் 'முழுமையான கிழிசல்' என்று பார்த்ததும் பாதி தைரியம் போய்விடும். ஆனால் சிகிச்சையை முடிவு செய்வது அந்த ஒரு வரி இல்லை. அந்தக் கால் உங்களைத் தாங்குகிறதா, அதை வைத்து இனி என்ன செய்யப் போகிறீர்கள், கூடவே வேறு என்ன கிழிந்திருக்கிறது என்பவைதான் முடிவு செய்கின்றன. பெரும்பாலானவர்களுக்கு யோசிக்க வாரக்கணக்கில் நேரம் இருக்கிறது. நேரமே இல்லாத சில நிலைகளும் உண்டு. அவற்றை முதலில் பார்த்துவிடலாம்.

## காத்திருக்கக் கூடாதவை

பாதம் சில்லிட்டு வெளிறிப்போனாலோ, மரத்துப்போனாலோ, பாதத்தை மேல்நோக்கித் தூக்க முடியாமல் போனாலோ அடுத்த நிமிடமே அவசரப் பிரிவுக்குப் போங்கள். மூட்டே நழுவி இருக்கலாம். முழங்காலுக்குப் பின்னால் ஓடும் பெரிய ரத்தக்குழாயும் அதில் கிழிந்திருக்கக்கூடும். சில மணி நேரத்துக்குள் சரிசெய்யாவிட்டால் காலையே இழக்க நேரிடும். நழுவிய மூட்டு தானாகவே இடத்துக்குத் திரும்பி, பார்க்கச் சாதாரண வீக்கம் மாதிரி இருப்பதும் உண்டு, அதுதான் ஆபத்து. வாகன விபத்திலோ உயரத்திலிருந்து விழுந்தோ அடிபட்டு, முட்டி எல்லாப் பக்கமும் ஆடுகிறது என்றால், நாடி சரியாக இருக்கிறது என்று டாக்டர் சொல்லும்வரை வீட்டுக்குக் கிளம்ப வேண்டாம்.

அடுத்தது எலும்பு முறிவு. அடிபட்ட முழங்காலுக்கு எக்ஸ்ரே தேவையா என்று முடிவு செய்ய ஒட்டாவா விதிகள் என்று ஒன்றைப் பல நாடுகளில் பின்பற்றுகிறார்கள். வயது 55 அல்லது அதற்கு மேல், முட்டிச் சில்லில் மட்டும் தொட்டால் வலி, முட்டிக்கு வெளிப்பக்கம் சற்றுக் கீழே துருத்தும் எலும்பு முனையில் வலி, முட்டியை 90 டிகிரி மடக்க முடியாமை, அடிபட்டவுடனும் மருத்துவமனையிலும் நான்கு அடிகூட எடுத்துவைக்க முடியாமை. இதில் ஏதாவது ஒன்று இருந்தாலே எக்ஸ்ரே வேண்டும்.

படுத்துக்கொண்டு காலை நேராக வைத்தபடி தூக்கவே முடியவில்லை என்றால், முட்டிச் சில்லைப் பிடித்திருக்கும் தசைநாண், அதாவது தசையை எலும்போடு இணைக்கும் நார், அறுந்திருக்கலாம். அதற்குச் சீக்கிரமே தையல் போட வேண்டும். முட்டி பாதியில் சிக்கிக்கொண்டு நீட்டவே வரவில்லை என்றால், கிழிந்த மெனிஸ்கஸ் மூட்டுக்குள் மடங்கிக் கிடக்கலாம். மெனிஸ்கஸ் என்பது இரண்டு எலும்புகளுக்கும் நடுவே இருக்கும் பிறை வடிவக் குருத்தெலும்பு. இதையும் சில நாட்களுக்குள் எலும்பு டாக்டரிடம் காட்டியாக வேண்டும்.

## முதல் சில நாட்கள்

மேலே சொன்ன எதுவும் இல்லையென்றால் பதற வேண்டாம். ஊன்றுகோல் வைத்து நடங்கள். வலி தாங்குமளவுக்குப் பாரம் போடலாம். எலாஸ்டிக் பேண்டேஜை இதமாகச் சுற்றி, படுக்கும்போது காலை நெஞ்சு மட்டத்துக்கு மேலே வைத்துக்கொள்ளுங்கள். ஐஸை ஒரு துணியில் சுற்றி 15 நிமிடம் வைத்தால் வலி குறையும், ஆனால் அது காயத்தை ஆற்றிவிடாது. 1978-ல் ஓய்வு, ஐஸ், கட்டு, உயர்த்திவைத்தல் என்ற பிரபலமான சூத்திரத்துக்குப் பெயர் வைத்த கேப் மிர்கின் என்ற அமெரிக்க மருத்துவரே, ஐஸ் ஆறுவதைத் தாமதப்படுத்தலாம் என்று பிற்பாடு தன் கருத்தை மாற்றிக்கொண்டார்.

யாரும் காலைப் பிடித்து இழுக்கவோ அழுத்தி நீவவோ விடாதீர்கள். முதல் இரண்டு மூன்று நாட்களுக்குச் சூடான ஒத்தடம், மது இரண்டும் வேண்டாம். வலிக்கு பாராசிட்டமாலில் தொடங்குவது நல்லது. மற்ற வலி மாத்திரைகளை டாக்டரிடம் கேட்டு எடுத்துக்கொள்ளுங்கள், குறிப்பாக வயிற்றுப் புண்ணோ சிறுநீரகப் பிரச்சினையோ இருந்தால்.

எல்லோரும் விட்டுவிடும் ஒரு விஷயம் முன்தொடைத் தசை. முழங்காலில் நீர் கோத்ததுமே நரம்பு மண்டலம் அந்தத் தசையை அணைத்துவிடுகிறது. ஒரே வாரத்தில் தொடை இளைப்பது கண்ணுக்கே தெரியும். அதனால் இரண்டாம் நாளிலேயே இதைத் தொடங்கிவிடலாம். காலை நீட்டி உட்கார்ந்து, முட்டிக்கு அடியில் சுருட்டிய சின்னத் துண்டை வையுங்கள். அந்தத் துண்டை நசுக்குவதுபோல முட்டியைக் கீழே அழுத்தி, ஐந்து நொடி பிடித்து விடுங்கள். முட்டிச் சில்லுக்கு மேலே, உட்பக்கமாக விரலை வைத்துப் பாருங்கள். அங்கே தசை கெட்டியாகிச் சில்லு மேல்நோக்கி நகர்ந்தால் சரியாகச் செய்கிறீர்கள். நகரவில்லை என்றால் தசை இன்னும் விழிக்கவில்லை. பத்துப் பத்தாக, நாளில் பல தடவை செய்யுங்கள்.

## எந்த ஜவ்வு?

முழங்காலில் முக்கியமாக நான்கு. மூட்டுக்கு நடுவே ஒன்றையொன்று குறுக்கே வெட்டிச் செல்பவை இரண்டு, பக்கவாட்டில் இரண்டு.

நடுவில் முன்பக்கம் இருப்பது ஏசிஎல். சுமார் 3 சென்டிமீட்டர் நீளம்தான். கீழ்க்கால் எலும்பு முன்னால் நழுவாமலும், முட்டி முறுக்கிக்கொள்ளாமலும் பிடித்துவைப்பது இதன் வேலை. நேராக நடக்கும்போது இது இல்லாதது பலருக்குத் தெரியாது. திரும்பும்போதுதான் கால் 'விட்டுப்போகும்'. இதற்குப் பின்னால் பிசிஎல். காரில் முட்டி டேஷ்போர்டில் இடித்தாலோ, மடங்கிய முட்டியின் மேல் விழுந்தாலோ இது கிழியும். உட்பக்க ஜவ்வு எம்சிஎல், முட்டியின் வெளிப்பக்கத்தில் அடி விழும்போது கிழிவது. வெளிப்பக்க ஜவ்வு எல்சிஎல். இது தனியாகக் கிழிவது அரிது, கிழிந்தால் பக்கத்தில் வேறு எதுவும் சேதமாகவில்லையா என்று தேட வேண்டும்.

வீக்கம் வந்த வேகமும் ஒரு துப்பு. சில மணி நேரத்தில் வந்தால் அது பெரும்பாலும் மூட்டுக்குள் ரத்தம் கசிந்தது, அதாவது ஏசிஎல் கிழிசலோ எலும்பு முறிவோ. மறுநாள் மெதுவாக வந்தால் மெனிஸ்கஸ் பக்கம் சந்தேகம் போகும். ரொம்ப இறுக்கமாக வீங்கி டாக்டர் ஊசியால் நீர் எடுக்கும்போது, ரத்தத்தின் மேல் கொழுப்புத் துளிகள் மிதந்தால் எலும்பு உடைந்திருக்கிறது என்று அர்த்தம்.

## டாக்டரின் கை

ஏசிஎல் கிழிசலைக் கண்டுபிடிப்பதில் நல்ல கை ஸ்கேனுக்குப் பெரிதாகச் சளைத்ததில்லை. முக்கியமான சோதனை லாக்மன். மல்லாந்து படுத்திருப்பீர்கள். முட்டி 20 முதல் 30 டிகிரி வரை மடங்கியிருக்கும். டாக்டர் ஒரு கையால் முட்டிக்குச் சற்று மேலே தொடையை அசையாமல் பிடித்துக்கொண்டு, மறு கையால் கீழ்க்காலைப் பின்னாலிருந்து பிடித்து முன்னால் இழுப்பார். நல்ல முழங்காலில் எலும்பு கொஞ்சம் நகர்ந்து 'டக்' என்று நிற்கும். கிழிந்த முழங்காலில் அந்த நிறுத்தமே இருக்காது, எலும்பு மெத்தென்று வந்துகொண்டே இருக்கும். ஒவ்வொருவருக்கும் இயல்பான தளர்ச்சி வேறு என்பதால், முதலில் நல்ல காலைச் சோதித்துவிட்டு அப்புறம்தான் அடிபட்ட காலைத் தொட வேண்டும். நல்ல காலைத் தொடவே இல்லையென்றால் அதையும் பார்க்கச் சொல்லித் தயங்காமல் கேளுங்கள்.

முட்டியை 90 டிகிரி மடக்கி இழுத்துப் பார்க்கும் பழைய முறையும் உண்டு. புதிதாக அடிபட்ட காலில் அது ஏமாற்றிவிடும், ஏனென்றால் வலியில் பின்தொடைத் தசை இறுகி எலும்பைப் பிடித்துக்கொள்ளும். பிவட் ஷிஃப்ட் என்ற மூன்றாவது சோதனை, விளையாடும்போது முட்டி நழுவியதை அப்படியே திரும்பச் செய்து காட்டும். "இதேதான், இப்படித்தான் நழுவுது" என்று நோயாளியே சொல்லிவிடுவார். ஆனால் விழித்திருக்கும்போது பயத்தில் பலர் காலை இறுக்கிக்கொள்வதால், மயக்கம் கொடுத்த பிறகுதான் அது தெளிவாகத் தெரியும்.

முதல் நாளில் வலியும் வீக்கமும் எதையும் சரியாகப் பார்க்க விடாது. 'ஜவ்வு நல்லாத்தான் இருக்கு' என்று அன்று சொல்லிவிட்டாலும், ஒன்றிரண்டு வாரம் கழித்து வீக்கம் வடிந்ததும் மறுபடி காட்டுங்கள். தவறவிடப்படும் கிழிசல்களில் பல இந்த இரண்டாவது பரிசோதனை நடக்காததால் தவறவிடப்படுபவை.

## படங்கள்

எக்ஸ்ரேயில் ஜவ்வு தெரியாது. ஆனாலும் முதலில் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். கீழ்க்கால் எலும்பின் வெளி ஓரத்தில் நகத்துண்டு அளவுக்கு ஒரு சிறு சில்லு பெயர்ந்திருந்தால், ஏசிஎல் போயிருக்கிறது என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம். இதற்கு செகோண்ட் முறிவு என்று பெயர். பால் செகோண்ட் என்ற பிரெஞ்சு அறுவை மருத்துவர் இதை 1879-ல் விவரித்தார். எக்ஸ்ரேயே 1895-ல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. அவர் இறந்தவர்களின் முழங்கால்களைத் திருகிப் பார்த்து இதைக் கண்டறிந்தார்.

எம்ஆர்ஐ முழுக் கிழிசலை நன்றாகக் காட்டும், பாதிக் கிழிசலில் தடுமாறும். 'பகுதிக் கிழிசல்' என்று எழுதியிருந்து லாக்மனில் எலும்பு தாராளமாக நகர்ந்தால், கையைத்தான் நம்ப வேண்டும். என்னைக் கேட்டால், எம்ஆர்ஐ-யின் பெரிய பயன் ஏசிஎல்லைப் பார்ப்பது இல்லை, மற்றவற்றைப் பார்ப்பது. அதனால் ரிப்போர்ட்டின் கடைசி வரிக்குத் தாவாமல் மெனிஸ்கஸ், குருத்தெலும்பு, பக்க ஜவ்வுகள் பற்றி என்ன இருக்கிறது என்று படியுங்கள். 'எலும்புக் கன்றல்' என்று இருந்தால் பயப்பட வேண்டாம். நழுவியபோது இரண்டு எலும்புகளும் இடித்துக்கொண்ட அடையாளம் அது, மெதுவாகச் சரியாகும்.

## கத்தி தேவைப்படாதவை

எம்சிஎல் தனியாகக் கிழிந்தால், முழுக் கிழிசலாக இருந்தாலும், பெரும்பாலும் தானே ஆறிவிடும். அதற்கு நல்ல ரத்த ஓட்டம் உண்டு. பக்கவாட்டில் ஆடாமல் பிடிக்கும், மடக்க நீட்ட விடும் பிரேஸை சில வாரங்கள் போட்டுக்கொண்டு பயிற்சி செய்தால் போதும். பிசிஎல் தனியாகக் கிழிந்தாலும் பலர் ஆபரேஷன் இல்லாமலே சமாளித்துவிடுகிறார்கள். ஆனால் இரண்டு மூன்று ஜவ்வுகள் சேர்ந்து போயிருந்தாலோ, முட்டியின் பின்புற வெளி மூலையிலுள்ள ஜவ்வுகள் கிழிந்திருந்தாலோ கதை வேறு. அனுபவமுள்ள அறுவை மருத்துவரைச் சீக்கிரம் பார்க்க வேண்டும்.

## ஏசிஎல்: ஆபரேஷனா, பயிற்சியா?

ஸ்வீடனில் நடந்த ஓர் ஆய்வு 2010-ல் வெளியானது. புதிதாக ஏசிஎல் கிழிந்த, துடிப்பான 121 இளைஞர்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு உடனே ஆபரேஷன். மறு பாதிக்கு முதலில் பயிற்சி மட்டும், தேவைப்பட்டால் பிறகு ஆபரேஷன். ஐந்தாண்டு முடிவில் இரண்டாவது குழுவில் ஏறக்குறைய பாதிப் பேர் ஆபரேஷன் செய்துகொண்டிருந்தார்கள், மீதிப் பாதிக்குத் தேவைப்படவே இல்லை. வலி, அன்றாட வேலை, விளையாட்டு எதை வைத்துப் பார்த்தாலும் இரு குழுக்களுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

2022-ல் பிரிட்டனிலிருந்து வந்த ஆய்வு வேறு மாதிரி சொன்னது. அதில் 316 பேர். ஆனால் இவர்கள் நேற்று அடிபட்டவர்கள் இல்லை, காயம் பழையதாகியும் முட்டி நழுவிக்கொண்டே இருந்தவர்கள். இவர்களுக்கு ஆபரேஷன்தான் நல்ல பலன் தந்தது. இரண்டு ஆய்வுகளும் மோதுவதாக எனக்குத் தோன்றவில்லை. புதிய காயத்துக்கு மூன்று மாதமாவது ஒழுங்கான பயிற்சி கொடுத்துப் பாருங்கள், அதற்குப் பிறகும் கால் நழுவினால் ஆபரேஷனைத் தள்ளிப்போடாதீர்கள். இரண்டையும் சேர்த்துப் படித்தால் இதுதான் கிடைக்கிறது. ஒவ்வொரு நழுவலும் மெனிஸ்கஸைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடும் என்பதால் 'பழகிக்கொள்ளலாம்' என்று வருடக்கணக்கில் இழுப்பது தப்பு.

சிலருக்கு இந்தக் காத்திருப்பே வேண்டாம். கால்பந்து, கூடைப்பந்து, பேட்மின்டன் போல திரும்பித் திரும்பி ஓடும் விளையாட்டுக்குக் கட்டாயம் திரும்பப் போகிறவர்கள், தையல் போட்டுக் காப்பாற்றக்கூடிய மெனிஸ்கஸ் கிழிசல் உள்ளவர்கள், பல ஜவ்வுகள் போனவர்கள் ஆபரேஷனை முன்கூட்டியே திட்டமிடலாம். வளரும் பிள்ளைகளுக்கு எலும்பின் வளர்ச்சித் தட்டைப் பாதிக்காத தனி முறைகள் உண்டு, அதில் பழக்கமுள்ள மருத்துவரிடம்தான் போக வேண்டும். சைக்கிள், நீச்சல், நடை, அலுவலகம் என்று வாழ்கிறவருக்கு ஆபரேஷன் பெரும்பாலும் தேவைப்படாது.

ஏசிஎல் தானாகச் சேரவே சேராது என்றுதான் நீண்டகாலம் சொல்லிவந்தார்கள். ஆஸ்திரேலியாவில் 80 பேருக்கு முட்டியை 90 டிகிரியில் மடக்கி நான்கு வாரம் பிரேஸில் பூட்டி, பிறகு படிப்படியாகத் தளர்த்தினார்கள். மூன்றாம் மாத எம்ஆர்ஐ-யில் 90 சதவீதம் பேருக்கு ஜவ்வு சேர்ந்ததற்கான அடையாளம் தெரிந்தது. 2023-ல் வெளியான அந்த ஆய்வில் ஒப்பிடுவதற்கு வேறு குழு இல்லை. காலை இப்படி மடக்கிவைத்தால் ரத்தம் உறையும் ஆபத்தும் உண்டு. ஆகவே டாக்டரிடம் கேட்டுப் பார்க்கலாம், வீட்டில் தானாகச் செய்து பார்க்கக் கூடாது.

## ஆபரேஷன் என்று முடிவானால்

வீங்கி இறுகிய முட்டியில் ஆபரேஷன் செய்தால், பிறகு முட்டி நீட்ட மடக்க வராமல் விறைத்துப்போகும். வீக்கம் வடிந்து, கால் முழுதாக நீண்டு, நொண்டாமல் நடக்க வந்த பிறகு தேதி குறிப்பதே நல்லது.

கிழிந்த ஜவ்வைத் தைப்பது வழக்கமில்லை. உடம்பிலிருந்தே ஒரு தசைநாணை எடுத்து, எலும்பில் துளையிட்டு, புதிய ஜவ்வாகப் பொருத்துவார்கள். எல்லாம் கேமரா வழியாகச் சிறு துளைகளில்தான் நடக்கும், பெரும்பாலும் ஒன்றிலிருந்து இரண்டு மணி நேரம். எங்கிருந்து எடுப்பது என்பதில்தான் பேச்சே. பின்தொடையிலிருந்து எடுத்தால் முன்பக்க வலி குறைவு, ஆனால் மடக்கும் பலம் கொஞ்சம் குறையும். முட்டிச் சில்லுக்குக் கீழேயிருந்து எலும்புத் துண்டோடு எடுப்பது உறுதியானது, பல வருடங்களாக விளையாட்டு வீரர்களுக்குச் செய்யப்பட்டு வருவது, ஆனால் மண்டியிட்டால் வலிக்கும். மண்டியிட்டு வேலை செய்கிறவர் இதை முன்பே சொல்லிவிட வேண்டும். முன்தொடைத் தசைநாணும் இப்போது அதிகம் பயன்படுகிறது. தானமாகப் பெற்ற தசைநாண் இளைஞர்களுக்கு மறுபடி கிழியும் வாய்ப்பு கூடுதல் என்பதால் அவர்களுக்கு அது முதல் தேர்வு இல்லை. உங்கள் டாக்டர் எதை அதிகம் செய்து பழகியிருக்கிறார் என்பதையும் கேளுங்கள். இதற்கும் முடிவில் பெரிய பங்கு உண்டு.

வீட்டுக்கு வந்த பிறகு கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ, காய்ச்சலோடு முட்டி வலி குறையாமல் ஏறினாலோ, தையலிலிருந்து சீழ் வந்தாலோ அன்றே மருத்துவமனையைத் தொடர்புகொள்ளுங்கள். திடீர் மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ வந்தால் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

## அப்புறம் வரும் மாதங்கள்

முதல் இரண்டு வாரத்தில் காலை முழுதாக நீட்டுவதுதான் தலையாய வேலை. குதிகாலுக்கு அடியில் மட்டும் தலையணை வைத்து, முட்டி தானாகக் கீழே இறங்கும்படி பத்து நிமிடம் விடுங்கள். இதமாக இருக்கிறதே என்று முட்டிக்கு அடியில் தலையணை வைத்துத் தூங்குவது பலரும் செய்யும் வேலை, அதுதான் நீட்டலைக் கெடுக்கிறது. மடங்குவது பிறகும் வரும், விட்டுப்போன நீட்டலைத் திரும்பப் பெறுவது கஷ்டம். மெனிஸ்கஸையும் தைத்திருந்தால் பாரம் போடுவதற்கும் மடக்குவதற்கும் தனிக் கட்டுப்பாடு இருக்கும், டாக்டர் சொன்னதையே பின்பற்றுங்கள்.

இரண்டாம் மூன்றாம் மாதத்தில் ஒரு பொறி இருக்கிறது. வலி போய்விடும், நடை சரியாகிவிடும், 'சரி, ஆயிடுச்சு' என்று தோன்றும். உள்ளே பொருத்திய தசைநாண் மிகவும் பலவீனமாக இருப்பது ஏறக்குறைய இந்தக் காலத்தில்தான். பழைய திசு கரைந்து, புதிய ரத்தக்குழாய்கள் நுழைந்து, அது ஜவ்வாக மாறிக்கொண்டிருக்கும். சைக்கிள், லெக் பிரஸ், ஸ்குவாட், படியேறுதல் என்று தசையைக் கட்டும் நேரம் இது. எவ்வளவு எடை, எத்தனை டிகிரி என்பதை பிசியோதெரபிஸ்ட் சொல்ல வேண்டும்.

நேர்க்கோட்டு ஓட்டம் மூன்று நான்கு மாதத்துக்குப் பிறகு. அதுவும் நாள்காட்டியைப் பார்த்து இல்லை. வீக்கம் இல்லாமல், ஒற்றைக் காலில் உட்கார்ந்து எழும்போது முட்டி உள்ளே சாயாமல் இருந்தால்தான். ஓடிய மறுநாள் முட்டி வீங்கினால் அளவு கூடிவிட்டது என்று அர்த்தம்.

விளையாட்டுக்குத் திரும்ப ஒன்பது மாதமாவது ஆக வேண்டும். 2016-ல் வெளியான நார்வே ஆய்வு ஒன்றில், ஒன்பது மாதம் வரை தாமதித்த ஒவ்வொரு மாதத்துக்கும் மறுகாயம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. காலம் ஒன்று, பரீட்சை இன்னொன்று. முன்தொடைப் பலத்தை இயந்திரத்தில் அளந்தால் மற்றக் காலில் 90 சதவீதமாவது இருக்க வேண்டும். ஒற்றைக் கால் தாண்டல் தூரங்களும் அப்படியே. ஆனால் இதில் ஒரு ஓட்டை உண்டு. பல மாதம் சும்மா இருந்ததில் நல்ல காலும் இளைத்திருக்கும். இரண்டுமே பலவீனமாக இருந்து 95 சதவீதம் என்று வந்தால் அதில் சந்தோஷப்பட ஒன்றுமில்லை. முடிந்தால் ஆபரேஷனுக்கு முன்பே நல்ல காலின் பலத்தை அளந்து குறித்துவைக்கச் சொல்லுங்கள்.

பயமும் கணக்கில் உண்டு. திரும்பும்போது மனம் தயங்கினால் உடம்பு கோணலாகத் தரையிறங்கும். தனியாக வெட்டித் திரும்பும் பயிற்சி, பிறகு அணியோடு மோதல் இல்லாத பயிற்சி, பிறகு முழுப் பயிற்சி, கடைசியில்தான் போட்டி.

25 வயதுக்குக் கீழே இருந்து மறுபடி விளையாடுகிறவர்களில் சுமார் நான்கில் ஒருவருக்கு இரண்டாவது ஏசிஎல் காயம் வருகிறது. கிழிந்த காலில் மட்டும் இல்லை, நல்ல காலிலும்தான். அதனால் பிசியோதெரபி முடிந்த பிறகும் இரண்டு காலுக்குமாகப் பலப் பயிற்சியைத் தொடருங்கள். கால்பந்து ஆடுகிறவர்கள் வழக்கமான வார்ம்-அப்புக்குப் பதிலாக பிஃபா 11+ செய்யலாம். ஓட்டம், தசைப் பலம், சமநிலை, சரியாகத் தரையிறங்குதல் எல்லாம் சேர்ந்த 20 நிமிடப் பயிற்சி அது. வாரத்துக்கு இரண்டு தடவையாவது செய்தால்தான் பலன்.